கப்பல் நேரமும் தோட்டத்து நேரமும்

கொழும்புத் துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல் வரும் நாள்களில்தான் எனக்கு வேலை அதிகம். நான் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற வழிகாட்டி. விமானத்தில் வருகிறவர்களை ஒரு வாரம், பத்து நாள் என்று தீவைச் சுற்றிக் காட்டியும் இருக்கிறேன். ஆனால் கப்பல்காரர்களை அழைத்துப்போவது தனித் தொழில். விமானத்தில் வந்தவருக்கு இன்று மழை பெய்து கெட்டால் நாளை இருக்கிறது. கப்பலில் வந்தவருக்கு இலங்கை ஒரே ஒரு பகல்தான். அந்தப் பகலை அவருக்கு எப்படிக் கழித்துக் கொடுக்கிறோம் என்பதை வைத்தே எங்கள் தொழிலை எடைபோட வேண்டும்.

நான் பிறந்தது நிவித்திகலவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா றப்பர் பால் வெட்டினார். அம்மா கொழுந்தெடுத்தார். மலையகம் என்றதும் பலருக்கு ஹட்டனும் நுவரெலியாவும் குளிரும் பனியும்தான் நினைவுக்கு வரும். சப்ரகமுவத் தோட்டங்கள் வேறு மாதிரி. சரிவின் மேற்பக்கம் தேயிலை, அதற்குக் கீழே றப்பர், அதற்கும் கீழே வயலும் ஓடையும், வயலின் அடியில் மாணிக்கக்கல். தோட்டத்து ஆளும் கிராமத்து ஆளும் ஒரே கடைத்தெருவில் சாமான் வாங்குவார்கள். தமிழும் சிங்களமும் ஒரே வாயில் மாறிமாறி வரும். இத்தனையும் ஒரே ஊரில் இருந்தும் சுற்றுலாக்காரர்கள் எங்களைத் தாண்டிச் சிங்கராஜ வனத்துக்குப் போய்விடுவார்கள். ஆகவே இரத்தினபுரிக்கும் நிவித்திகலவுக்கும் கப்பல் பயணிகளைக் கொண்டுபோகும் கரைச்சுற்றுலா ஒன்று தயாராகிறது, தமிழும் சிங்களமும் தெரிந்த உள்ளூர் வழிகாட்டி வேண்டும் என்று கொழும்பு நிறுவனமொன்று கூப்பிட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

அந்தச் சுற்றுலா ஏமாற்றமாக முடிந்தது. ஏன் அப்படி முடிந்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். அதில் எங்கள் ஊரைப் பற்றியும் இந்தத் தொழிலைப் பற்றியும் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

கப்பலின் கணக்கு

முதலில் கப்பலின் நேரக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணிக்குக் கப்பல் துறையில் கட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். குடிவரவுச் சோதனை முடிந்து, ஏணி இறக்கி, பயணிகள் ஸ்டிக்கர் எண் பார்த்து அவரவர் பஸ்ஸில் ஏறித் துறைமுக வாயிலைத் தாண்டும்போது எட்டே கால் ஆகிவிடும். மாலை ஆறு மணிக்குக் கப்பல் புறப்படுவதானால் ஐந்தரைக்குள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். கப்பல் நிறுவனமே விற்ற சுற்றுலா பிந்தினால் கப்பல் காத்திருக்கும். தானே வாடகைக் கார் பிடித்துப் போனவர் பிந்தினால் காத்திருக்காது. பயணிகள் அதிக விலை கொடுத்துக் கப்பலின் சுற்றுலாவை வாங்குவதற்கு இந்தப் பயமே முக்கிய காரணம். தாளில் பதினொரு மணி நேரமாகத் தெரிகிற நாள் கையில் கிடைக்கும்போது ஒன்பது மணி நேரம்தான்.

அந்த ஒன்பதில் பாதை எவ்வளவை எடுத்துக்கொள்கிறது? கொழும்பிலிருந்து இரத்தினபுரி ஏறக்குறைய 100 கிலோமீற்றர். காலிக்குப் போவதானால் 2011இல் திறந்த தெற்கு அதிவேகப் பாதை இருக்கிறது. இரத்தினபுரிக்கு அவிசாவளை, எஹெலியகொட, குருவிட்ட என்று ஊர் ஊராக நுழைந்து போகும் ஏ4 பாதைதான் பழக்கமான வழி. பெரிய பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் வேண்டும். ஒரு காலத்தில் களனிவெளி ரயில் அவிசாவளையையும் தாண்டி இரத்தினபுரிக்கும் ஓப்பநாயக்கவுக்கும் ஓடியது. 1912இல் இரத்தினபுரியைத் தொட்ட அந்தச் சிறிய பாதையை 1976இல் அவிசாவளைக்கு அப்பால் மூடிவிட்டார்கள். இன்று இரத்தினபுரி மாவட்டத்துக்கு ரயிலே இல்லை. கப்பல்கள் அதிகம் வரும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையான காலமும் சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவமும் ஒன்றாகவே வருகின்றன. பலாபத்தல வழியாக மலையேறுகிறவர்களின் பஸ்களும் வான்களும் அதே பாதையில்தான் போகும்.

இரத்தினபுரியிலிருந்து நிவித்திகலவுக்கு இன்னும் இருபது கிலோமீற்றர் அளவு. வளைந்து நெளிந்து போகும் பாதை. ஆக, கரைச்சுற்றுலாப் பயணி எங்கள் ஊரில் கால் வைப்பது நண்பகலில்தான். வந்து ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடவும் வேண்டும்.

தோட்டத்தின் கணக்கு

இனி எங்கள் ஊரின் நேரத்தைப் பார்ப்போம்.

றப்பர் மரத்தில் பால் வெட்டுவது விடிகாலை வேலை. வெயில் ஏறுவதற்கு முன் மரத்தின் உள்ளே அழுத்தம் அதிகமாக இருக்கும். அப்போது பட்டையில் சாய்வாக மெல்லிய சீவல் எடுத்தால் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அழுத்தம் குறைந்து, வெட்டு வாயில் பால் உறைந்து நின்றுவிடும். அதனால் அப்பா இருட்டிலேயே போய்விடுவார். வெட்டி முடித்து, சிரட்டைகள் நிரம்பக் காத்திருந்து, பதினொரு மணிக்கெல்லாம் பாலைச் சேர்த்து வாளியோடு புறப்பட்டுவிடுவார். மழை பெய்து மரம் நனைந்திருந்தால் அன்று வெட்டே இல்லை. ஒரே மரத்தைத் தினமும் வெட்டுவதுமில்லை. ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டுவதுதான் வழக்கம்.

மாணிக்கக் குழியிலும் காலை வேலைதான் கனமானது. இரவில் ஊறி நிற்கும் தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்தால்தான் இறங்க முடியும். பக்கச் சுவர் சரியாமல் மரச்சட்டம் கட்டி, சட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவே கெகில்ல என்கிற பன்னச் செடியை அடைத்திருப்பார்கள். அடியில் கல் கலந்த சரளைப்படை இருக்கும். அதை இல்லம் என்பார்கள். இல்லத்தை வெட்டி மேலே ஏற்றிக் குவித்துவைப்பார்கள். குவியல் போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் கழுவுவார்கள். நிலத்துக்காரர், அனுமதிப்பத்திரக்காரர், மோட்டார்க்காரர், குழிக்காரர் என்று பங்கு உள்ளவர்கள் பார்த்திருக்க, வட்டி என்கிற மூங்கில் கூடையில் இல்லத்தை அள்ளி ஓடும் நீரில் சுழற்றிச் சுழற்றிக் கழுவுவார்கள். பார்க்க வேண்டிய வேலை அதுதான். அது தினமும் நடப்பதில்லை. பௌர்ணமிப் போயா நாளில் குழியில் எந்த வேலையும் இல்லை.

கல் வியாபாரமும் காலையோடு சரி. இரத்தினபுரித் தெருவிலும் நிவித்திகலவிலும் வியாபாரிகள் வெள்ளைத்தாள் மடிப்புகளை விரித்து, கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து விலை பேசுவது காலை வெளிச்சத்தில்தான். நல்ல நீலக்கல்லுக்கும் சாதாரணக் கல்லுக்கும் இடையிலான நிற வேறுபாட்டை அந்த வெளிச்சத்தில்தான் அவர்கள் நம்புவார்கள். மதியத்துக்குள் தெரு கலைந்துவிடும்.

தேயிலையிலும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுக்காததால் திங்கட்கிழமை பல ஃபெக்டரிகளில் இயந்திரம் ஓடாது. எந்தக் கிழமையில் கப்பல் வருகிறது என்று பார்க்காமல் ஃபெக்டரியைக் காட்டுவதாக எழுதிவைத்தால், நின்றுபோன உருளைகளைச் சுற்றி வர வேண்டியதுதான்.

சுருக்கமாகச் சொன்னால், பயணி வந்து இறங்கும் வேளையில் எங்கள் ஊர் தன் நாளின் பெரும்பகுதி வேலையை முடித்துவிட்டிருக்கும்.

அந்த நாள்

2019 ஈஸ்டர் தாக்குதலுக்கு முந்தைய ஆண்டு, மார்ச் மாதக் கடைசி. நீண்ட கடற்பயணத்தின் நடுவில் ஒரு பெரிய கப்பல் கொழும்புக்கு வந்தது. ஒரு பஸ் நிறைய ஆள்கள் இரத்தினபுரிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருந்தார்கள். டொலரில் மூன்று இலக்கம். வேலை நடந்துகொண்டிருக்கும் மாணிக்கச் சுரங்கம், தெருவோரக் கல் சந்தை, றப்பர் தோட்டம், தேயிலைத் தோட்டம், பகலுணவு என்று கப்பலில் கொடுத்த தாளில் அச்சடித்திருந்தது. நிகழ்ச்சிநிரலை யாரோ எப்போதோ எழுதிக் கப்பலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதற்கான பணம் வழிகாட்டியின் கைக்குத் தாள் வந்து சேர்வதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கட்டியாகிவிட்டது. அதை மாற்றும் அதிகாரம் பஸ்ஸில் இருந்த எவருக்கும் இல்லை.

பயணிகளில் பெரும்பாலோர் ஐரோப்பியர். முன் இருக்கையில் மலேசியத் தமிழ்ப் பெண்மணி ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. நான் மைக்கில் பேசி முடித்ததும் தமிழில் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க தோட்டத்துப் பிள்ளையா?"

"ஆமாங்க டீச்சர். இப்ப போறமே, அந்தப் பக்கம்தான்."

"எங்கம்மா பேராக் பக்கம் பால்மரம் சீவுனவங்க. பள்ளிக்கூடம் போறதுக்கு முந்தி நானும் கூடப் போவேன். இங்கயும் அப்படித்தான் சீவுறாங்களான்னு பாக்கணும். அதுக்காகத்தான் இந்தச் சுற்றுலாவ எடுத்தேன்."

அவருக்கு நான் இரண்டு நாட்டு றப்பருக்கும் உள்ள உறவைச் சொன்னேன். 1876இல் பிரேசிலிலிருந்து கியூ தோட்டத்துக்குப் போன விதைகள் முளைத்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கும் அதிகமான நாற்றுகள் இலங்கைக்கு வந்தன. அவற்றைக் கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடவில் நட்டார்கள். அடுத்த ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. மலாயாவின் றப்பர் தோட்டங்களுக்கு அடிப்படை அந்த நாற்றுகள். நாற்றைத் தொடர்ந்து தமிழ்நாட்டிலிருந்து ஆள்களும் இரண்டு பக்கமும் போனார்கள். அவர் தாயும் என் தகப்பனும் செய்த வேலைக்குத் தொடக்கம் ஒன்றுதான். அதைக் கேட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அன்றைய நாளில் பயணி ஒருவருக்கு நான் கொடுத்த உருப்படியான விஷயம் அது ஒன்றே என்று இப்போதும் நினைக்கிறேன்.

அவிசாவளைக்கு முன்பே பாதை அடைத்துக்கொண்டது. இரத்தினபுரியைத் தொடும்போது பதினொன்றரை. நிரலில் முதலில் இருந்தது கல் சந்தை. தெருவில் நாலைந்து தரகர்கள்தான் மிச்சம். அடுத்தது சுரங்கம். பஸ் ஒரு கல் கடைக்குப் பின்னால் போய் நின்றது. அங்கே சீமெந்து விளிம்பு கட்டிய குழி ஒன்று. உள்ளே ஏணி, ஏணிக்குக் கீழே காய்ந்த தரை. வெளியே தொட்டியில் தண்ணீர். வட்டியைப் பிடித்திருந்த ஆள் இரண்டு சுழற்று சுழற்றியதும் உள்ளே நீலக்கல் துண்டுகள் மின்னின. பயணிகள் கைதட்டினார்கள். பின்வரிசையில் நின்ற வயதான ஒருவர் கைதட்டவில்லை. அவர் சுரங்கத்தில் வேலை செய்தவர், வேல்ஸ் நாட்டுக்காரர். குழியை எட்டிப் பார்த்தார். சட்டங்களில் ஈரக்கறை இல்லாததைக் கவனித்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, இதில் எவரும் வேலை செய்யவில்லையே என்றார். ஆம் என்றேன். பொய் சொல்லச் சொல்லி எனக்கு எவரும் சம்பளம் தரவில்லை.

அதன் பிறகு கடை. நிரலில் கடைக்கு இருபது நிமிடம். ஐம்பது நிமிடம் ஆனது. அங்கே கூடுதலாகச் செலவான அரை மணி நேரமும் நிவித்திகலவிலிருந்து பறித்தது.

நிவித்திகலவுக்கு வந்தபோது ஒரு மணியைத் தாண்டிவிட்டது. பகலுணவுப் பொதியை பஸ்ஸிலேயே பிரித்துச் சாப்பிட்டார்கள். றப்பர் மரங்களுக்கு நடுவில் இறங்கிப் பத்து நிமிடம் நின்றோம். மரங்களில் சிரட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வெட்டு வாயில் காய்ந்த பால் நூல்போல ஒட்டியிருந்தது. டீச்சர் ஒரு மரத்தை நெருங்கிச் சீவல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல கை தம்பி. ஆழமாப் போகல, மரத்தக் காயப்படுத்தல," என்றார். சிறிது நேரம் கழித்து, "பால் இருக்கும்போது பாக்கணும்னுதான் வந்தேன்," என்றார்.

பாதையில் வந்துகொண்டிருந்த பெண்களைப் பயணிகள் படம் எடுத்தார்கள். ஒருவரும் கேட்டு எடுக்கவில்லை. அவர்களில் எங்கள் லயத்து அக்கா ஒருவர் வெற்று வாளியோடு என்னிடம் வந்தார்.

"இவங்கள்ளாம் என்னத்தப் பாக்க வந்திருக்காங்க தம்பி?"

"நம்ம வேலையப் பாக்கத்தான் அக்கா."

"வேலதான் முடிஞ்சிருச்சே. பால் நிறுத்துட்டு இப்பத்தான வாறோம். அர மணிக்கு முன்னாடி ஸ்டோருக்கு வந்திருந்தாக்கூடக் காட்டியிருப்போமே."

கீழே வயலோரத்தில் என் மாமா வேலை செய்யும் குழி இருந்தது. உண்மையான குழி. பஸ்ஸிலிருந்து நடந்தால் சிறிது தூரம். அவர் மேலே ஏறிவந்து கைகழுவிக்கொண்டு நின்றார்.

"மருமகனே, விடிய வந்திருந்தா தண்ணி எறைக்கிறதுலருந்து காட்டியிருப்பேன். இந்நேரமானாலும் எறங்கி வந்தாங்கன்னா சட்டம் கட்டுனதக் காட்டலாம். கூட்டிட்டு வாப்பா."

கூட்டிப்போக நேரமில்லை. ஒன்றே முக்காலுக்குப் பஸ் திரும்பியாக வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தது. மேற்கே வானம் கறுத்துவிட்டது. மார்ச், ஏப்ரலில் இரத்தினபுரிப் பக்கத்தில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஊர். எஹெலியகொடவில் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து மணி தாண்டித் துறைமுக வாயிலுக்குள் நுழையும்போது பஸ்ஸில் அரைப்பேர் தூக்கத்தில் இருந்தார்கள். இறங்கும்போது கொடுத்த கருத்துப் படிவங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே வாசகம்தான். நாள் முழுக்க பஸ்ஸில் இருந்தோம், ஒரு கடையைப் பார்த்தோம்.

எங்கே பிழைத்தது

பாதையில் நெரிசல், மழை, பிந்திய புறப்பாடு என்று மறுநாள் நிறுவனத்தில் காரணம் எழுதினார்கள். அவை உண்மை. ஆனால் மழை பெய்யாமல், பாதை திறந்து, பஸ் அரைமணி முன்னதாகப் போயிருந்தாலும் அந்தச் சுற்றுலா வெற்றுச் சிரட்டையைத்தான் காட்டியிருக்கும். தாளில் எழுதிய நான்கு இடங்களில் எதுவும் அந்த நேரத்தில் தாளில் எழுதியபடி இருப்பதில்லை. எங்கள் ஊரில் எந்தச் சிறு பிள்ளையைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருக்கும். எவரும் கேட்கவில்லை.

கரைச்சுற்றுலா ஒன்று பல கைகள் மாறி வருகிறது. கப்பல் நிறுவனத்தின் மேசை அதை விற்கிறது. கொழும்பில் உள்ள முகவர் அதை நடத்துகிறார். அவர் பஸ்ஸை வாடகைக்கு எடுக்கிறார், வழிகாட்டியை நாளுக்குப் பேசுகிறார், கடையோடு ஏற்பாடு செய்கிறார். கடை தரும் தரகுப்பணமும் கணக்கில் சேர்ந்துதான் மொத்த விலை முடிவாகிறது. இதில் தோட்டமும் குழியும் எந்த இடத்திலும் வரவில்லை. பார்க்கப்படுகிறவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாள்சம்பளம் 500 ரூபாய், எல்லாக் கொடுப்பனவும் சேர்ந்தால் 730 ரூபாய். 2021இல் அது 1000 ஆனது, 2024இல் 1350 ஆனது. பயணி ஒருவர் கட்டிய பணத்தில் எங்கள் அக்காவுக்குப் பல வாரச் சம்பளம் இருந்தது. அவருக்குக் கிடைத்தது, கேட்காமல் எடுத்த படம்.

போலிக் குழியை நான் மன்னிக்கமாட்டேன். உண்மையான குழி இல்லாத ஊரில் மாதிரி ஒன்றைக் கட்டிக் காட்டினால் அது அருங்காட்சியகம். உண்மையான குழிகள் பரந்து கிடக்கும் மாவட்டத்தில், 2021இல் 310 கிலோ எடையுள்ள நீலக்கல் பாறையை உலகத்துக்குக் காட்டிய மாவட்டத்தில், கடைக்குப் பின்னால் தண்ணீர் ஊறாத குழியைக் காட்டிச் சுரங்கம் என்பது ஊரையே பொய்யாக்குகிற வேலை. முப்பது, நாற்பது அடி ஆழத்தில் இடுப்பளவு சேற்றில் நின்று, மண் சரியும் பயத்தோடு வேலை செய்கிறவனின் உழைப்பை அது மறைத்துவிடுகிறது. வேல்ஸ்காரர் அதை ஒரு நொடியில் கண்டுகொண்டார். சுரங்கத்தில் வேலை செய்தவனை ஏமாற்ற முடியாது.

எது சரிவந்தது

2019க்குப் பிறகு கப்பல்கள் நின்றன. தாக்குதல், பிறகு கொரோனா, பிறகு 2022இன் எரிபொருள் நெருக்கடி. நான் தோட்டத்துக்குத் திரும்பி, தெரிந்த வேலைகளைச் செய்தேன். அந்த நாள்களில் பழைய சுற்றுலாவை நினைத்துக்கொண்டே, எங்கள் ஊரில் எந்த மணிக்கு எது நடக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதினேன். 2022 நவம்பர் இறுதியில் மெய்ன் ஷிஃப் 5 கொழும்புக்கு வந்து, கப்பல் வேலை மறுபடி தொடங்கியதும் அந்தப் பட்டியலோடு வேறொரு முகவரிடம் போனேன். அவர் காது கொடுத்துக் கேட்டார்.

பட்டியலில் முதலாவது விஷயம், நண்பகலில் எங்கள் ஊர் வெறுமையாக இருப்பதில்லை. நண்பகலில்தான் பால் நிறுக்கிறார்கள். வாளிகள் ஸ்டோருக்கு வந்து சேர்கின்றன. மெட்ரொலெக் என்ற கண்ணாடிக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு அதில் எவ்வளவு றப்பர் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். மழைநீர் கலந்த பாலுக்கு அளவு இறங்கும், ஆளின் கணக்கும் இறங்கும். அதனால் கருவி மிதக்கும் நேரத்தில் எல்லோர் கண்ணும் அதில்தான் இருக்கும். பிறகு ஃபோமிக் அமிலம் ஊற்றித் தட்டுகளில் உறையவைப்பார்கள். முதல்நாள் உறைந்தவை உருளையில் நசுங்கித் தகடாகி, புகைக்கூடத்தில் தொங்கும். தேயிலைப் பக்கத்திலும் நண்பகலில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தராசு கட்டியிருக்கும். பெண்கள் கொழுந்துச் சாக்கோடு வரிசையில் நிற்பார்கள். நிறுவைக்கும் கழிவுக்கும் நடக்கும் வாக்குவாதத்தைக் கேட்டாலே தோட்டத்தின் பொருளாதாரம் முழுவதும் புரிந்துவிடும். மதியத்தில் வருகிறவருக்கு மரத்தைக் காட்டுவதை விட்டு மடுவத்தைக் காட்ட வேண்டும்.

இரண்டாவது, தூரம். ஒரே பகல் நிற்கும் கப்பலிலிருந்து நிவித்திகலவுக்கு வருவது சரியில்லை. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இருந்தது, என் ஊர் அல்லவா? ஆனாலும் சொன்னேன். அவிசாவளைப் பக்கத்து றப்பர் தோட்டங்கள் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய பாதித் தூரம். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் போய், நிறுவையைப் பார்த்து, ஸ்டோரில் நின்று பேசி, அவசரமில்லாமல் திரும்பலாம். இன்னும் குறைந்த தூரம் வேண்டுமானால் ஹெனரத்கொடத் தோட்டம் இருக்கிறது. ஆசியாவின் முதல் றப்பர் மரங்கள் நின்ற மண்ணில் அரைநாள் போதும். மீதி அரைநாளுக்குக் கொழும்பு செட்டியார் தெருவில் நடக்கலாம். எங்கள் வயலில் எடுத்த கற்களில் பல நகையாவதற்கு அங்கேதான் போகின்றன.

மூன்றாவது, இரவு தங்கும் கப்பல். சில கப்பல்கள் கொழும்பில் ஓர் இரவு நிற்கும். அவற்றிலிருந்து மட்டும் நிவித்திகலவுக்கு வரலாம். இரண்டாம் நாள் பயணிகளை விடியுமுன் நாலு மணிக்கு எழுப்பி, சிறிய வானில் ஏற்றினால் பாதை காலியாக இருக்கும். ஏழு மணிக்கு மரத்தடியில் நிற்கலாம். எட்டரைக்குக் குழிக்குப் போகலாம், பத்துக்குச் சந்தையில் கல் பார்க்கலாம். விடியுமுன் எழும்ப மாட்டேன் என்கிறவர் வர வேண்டியதில்லை. எழும்பி வந்தவர்கள் எல்லோரும் நிறைவோடுதான் திரும்பினார்கள். சேற்றுச் சப்பாத்தோடு வானில் ஏறியவர் எவரும் கடை எங்கே என்று கேட்டதில்லை.

நான்காவது, கூலி. பயணிகளுக்கு வெட்டிக் காட்டுகிறவருக்கும் குழியைக் காட்டுகிறவருக்கும் ஒரு முழுநாள் சம்பளம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். டிப்ஸ் அதற்கு மேல். படம் எடுப்பதானால் கேட்டு எடுக்க வேண்டும். முகவர் இதை ஒப்புக்கொண்ட பிறகு தோட்டத்து அக்காமார் தாங்களாகவே எல்லாவற்றையும் விளக்கத் தொடங்கினார்கள். நான் மொழிபெயர்த்தால் போதும். காட்சிப்பொருளாக நின்றவர்கள் ஆசிரியர்களாகிவிட்டார்கள்.

இவ்வளவும் செய்தும் எல்லா நாளும் சரியாக அமைவதில்லை. மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டு நின்றுவிடும். அப்படியான நாளில் முந்தின மாலையே பயணிகளிடம் சொல்லிவிடுகிறேன். நாளை வெட்டு இருக்காது, புகைக்கூடமும் நனைந்த காடும்தான் பார்க்கலாம், விரும்பினால் வாருங்கள் என்கிறேன். சொல்லிவிட்டு அழைத்துப்போனால் குறைந்ததைப் பார்த்தும் மனம் நிறைகிறார்கள். ஏமாற்றம் வருவது கொடுத்த வாக்குக்கும் கண்ட காட்சிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியால்தான். மழை அதற்குப் பொறுப்பில்லை.

சொல்ல வேண்டியவர்களுக்கு

கப்பல் வேலை இனி கொழும்போடு நிற்காது. அம்பாந்தோட்டைக்குக் கப்பல்கள் வருகின்றன. அங்கிருந்து எங்கள் மாவட்டத்தின் தென்முனையான உடவளவை கிட்டத்தில்தான் இருக்கிறது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த கோர்டெலியா நிறுவனத்தின் கப்பல் காங்கேசன்துறையையும் தொட்டது. வடக்கிலும் தமிழ் இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை அதே ஆண்டில் நினைவுகூர்ந்தோம். இருநூறு ஆண்டுகளாக மற்றவர்களுக்காகத் தேயிலையும் றப்பரும் எடுத்துக்கொடுத்த சமூகம், தன் வேலையைத் தானே உலகத்துக்கு விளக்கிச் சொல்லவும் முன்வர வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழும் சிங்களமும் வீட்டிலேயே கிடைக்கின்றன. ஆங்கிலத்தோடு ஜேர்மனையோ பிரெஞ்சையோ படித்து, சுற்றுலா ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்தின் வழிகாட்டிப் பயிற்சியை முடித்தால் போதும். பால் வெட்டும் நேரமும் இல்லம் கழுவும் நாளும் தெரிந்த வழிகாட்டியைக் கொழும்பில் தேடிப் பிடிக்க முடியாது.

முகவர்களுக்கும் கப்பல் நிறுவனங்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஒரு பகலுக்கு ஓர் இடம் போதும். கடையைக் கடை என்றே தாளில் அச்சடியுங்கள். தண்ணீர் ஊறாத குழியைச் சுரங்கம் என்று விற்காதீர்கள். நிகழ்ச்சிநிரல் எழுதுவதற்கு முன் அந்த ஊர் ஆளிடம், இந்த மணிக்கு நீங்கள் என்ன வேலை செய்துகொண்டிருப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைத் தாளில் எழுதுங்கள். அந்த ஆளுக்கு அன்றைய கூலியையும் கொடுங்கள்.